அசைந்தால் அவுட்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். நடந்த கூத்து அத்தனைக்கும் அந்த வாய்தான் காரணம்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை நாடகத்துக்கென்று அவர் மல்லுக்கட்டி வாங்கியிருந்தார். தலைமையாசிரியருக்கோ அது கண்ணில் விழுந்த தூசி.

"வாய்ப்பாடு கேட்டா திருதிருன்னு முழிக்குதுங்க. நீங்க போர்வையைப் போத்தி ஆட விடுறீங்க. அந்தப் பீரியடைக் கணக்குக்கே குடுத்துடுவோமா?" என்றார்.

டீச்சர் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால்தானே! "பெத்தவங்க வர்ற அன்னிக்கு ஒரு நாடகம் போட்டுக் காட்டுறோம் சார். நடிப்பு, திரை, சத்தம் எல்லாத்தையும் பிள்ளைங்களே பாத்துக்கும். பெரியவங்க கால் மேடையில படாது, குரலும் கேக்காது. மீறினா பீரியடை எடுத்துக்குங்க."

தலைமையாசிரியர் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

வகுப்புக்கு வந்ததும் பிள்ளைகளைக் குழு குழுவாகப் பிரித்தார். ஒரு குழு நீலத் துணியை ஆட்டி ஆறாக ஓடும். ஒரு குழு தகரத்தைத் தட்டி இடி இடிக்கும். ஒரு குழு திரைக் கயிற்றை இழுக்கும். மிச்சப் பேர் நடிப்பார்கள். யாருக்கு என்ன வேஷம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஆற்று நடுவே கிடக்கும் பாறை வேஷம் யாருக்கு விழுந்தது தெரியுமா? பம்பரத்துக்கு! எழுதும்போதுகூடப் பெஞ்சைச் சுற்றி வந்து எழுதுகிற பெண் அவள். பெற்ற தாயே வைத்த பட்டப்பெயர் அது.

இந்தப் பட்டாளத்தை அடக்க டீச்சர் சிலை விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு தரம் கை தட்டினால் எல்லாரும் இருந்த இடத்தில் சிலை. மறுபடி தட்டினால் உயிர். அசைந்தவர் அவுட், அடுத்த ஆட்டத்துக்கு அவர்தான் கை தட்ட வேண்டும். ஒத்திகை முழுக்க இதே ஆட்டம்தான். தினமும் முதல் அவுட் பம்பரம்தான். தட்டித் தட்டி அவள் உள்ளங்கை சிவந்துபோனது. அவளை நாடகத்தன்று ஒரு நாள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னால் என்ன என்றுகூட டீச்சர் நினைத்தார். நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டார்.

அந்த நாளும் வந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. திரை சிக்காமல் திறந்தது, ஆறு நெளிந்தது, குடை வியாபாரியாக வந்த பையன் கால் நனையாமல் தாண்டப் பார்த்தான். பக்கவாட்டில் ஒளிந்து நின்ற டீச்சர் உச்சி குளிர்ந்துபோனார். குடை வியாபாரியின் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கை தட்டினார். கூடமே சேர்ந்து தட்டியது.

அவ்வளவுதான். நெளிந்த ஆறு உறைந்தது. தகரத்தின்மேல் ஓங்கிய குச்சி அந்தரத்தில் நின்றது. அடுத்த தட்டலில் உயிர் வந்தது, அதற்கடுத்ததில் போனது. சனங்களின் கைதட்டல் ஓய்ந்தபோது மேடையில் இருந்தது அத்தனையும் சிலை.

"அடடா, என்னமா நிக்குதுங்க!" என்றார் ஒரு தாத்தா.

டீச்சர் மறைவிலிருந்து மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். பாராட்டத்தான் யாரோ தொடங்குகிறார்கள் என்று கூடம் மறுபடி படபடவென்று தட்டித் தீர்த்தது. பழைய குருடி கதவைத் திறடி! முன்வரிசையில் தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். குடை வியாபாரியின் தூக்கிய கால் நடுங்க ஆரம்பித்தது. அவன் கண்ணில் நீர் கட்டுவதை டீச்சர் பார்த்தார். பீரியடாவது மண்ணாவது, நாலு பேர் முன்னால் பிள்ளைகள் அழக் கூடாது என்று மேடையில் வைக்கக் காலைத் தூக்கினார்.

அதற்குள் பாறை எழுந்தது.

சாம்பல் போர்வையை இழுத்துக்கொண்டு பாறை நேரே மேடை முனைக்கு நடந்து வந்தது. "இப்பிடி நிறுத்தாம தட்டினா நாங்க எப்பிடி நடிக்கிறதாம்? தட்டினா சிலை, இன்னொண்ணு தட்டினா உயிர். எல்லாரும் சேந்து ஒரே ஒரு தட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு!"

கூடம் ஒரே தட்டாகத் தட்டியது. ஆறு அசைந்தது. உடனே இன்னொரு 'டப்' கேட்டது. ஆறு நின்றது. தாமதமாகத் தட்டியவர் தலைமையாசிரியர்.

"சார், நீங்க லேட்டு. மறுபடியும்!" என்றது பாறை.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த முறை சரியாகத் தட்டினார். பாறை திரும்பிப் போய் ஆற்று நடுவே உட்கார்ந்துகொண்டது. கதை முடியும்வரை கூடத்தில் ஒரு கைகூட அசையவில்லை. முடிந்த பிறகும் அசையவில்லை, எல்லாருக்கும் பயம். பாறை தலையை நீட்டி, "இப்ப எவ்வளவு வேணாலும் தட்டுங்க" என்றது. கூரை அதிர்ந்தது.

எல்லாம் ஓய்ந்ததும் பம்பரம் டீச்சரிடம் வந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. "டீச்சர், நான் அசைஞ்சுட்டேன். அவுட்டா?"

டீச்சருக்கு அள்ளிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. ஆனாலும் ஆட்டத்துக்கு நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. "அவுட்டுதான். அடுத்த ஆட்டத்துக்கு நீதான் தட்டணும்."

தலைமையாசிரியர் வந்தார். "பாறை நடக்குறது கதையில இருந்துச்சா?"

"இல்ல சார்."

"ம்" என்றார். திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார். பீரியட் போயே போச்சு என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

பம்பரம் ஒரு தட்டுத் தட்டினாள்.

பிள்ளைகள் சிலையானார்கள். வாசலில், ஒரு காலைத் தூக்கியபடி, தலைமையாசிரியரும் நின்றுவிட்டார்.

"சார், அந்த வெள்ளிக்கிழமைப் பீரியட்..." என்று டீச்சர் இழுத்தார்.

பதில் இல்லை. சிலை பேசினால் அவுட்டாயிற்றே. ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்க அவர் படாத பாடு படுவது பின்னாலிருந்தே தெரிந்தது.

டீச்சர் குனிந்து பம்பரத்தின் காதில் சொன்னார்: "கொஞ்சம் பொறுத்தே தட்டு."