இரண்டு விரற்கடைத் துணி

நண்பகல் கடந்து, வெயில் தன் வெள்ளி முகத்தைப் பொன் முகமாக மாற்றிக்கொள்ளும் பொழுது அது. குன்றின் உச்சியில் நின்ற ஆலயத்தின் நெடிய கோபுர நிழல், ஓட்டுக் கூரைகளின் மேல் படிந்து, சந்தைத் தெருவைத் தாண்டி, ஆற்றங்கரையை நோக்கி மெல்ல நீண்டுகொண்டிருந்தது. அடுமனைகளில் மாலை அப்பத்துக்கான தீ மூண்டது. கொல்லர் தெருவில் சம்மட்டிகள் சற்றே ஓய்ந்தன. தெருக்கள் நான்கும் வந்து கலக்கும் சந்தியின் மூலையில், நீலக் கதவுடைய ஒரு தையற்கடை மட்டும், ஊரின் ஓசைகளுக்கெல்லாம் தாளம் இடுவதுபோல் தன் தையற்பொறியின் கடகடப்பை இடைவிடாது தெருவுக்கு ஈந்துகொண்டிருந்தது.

அன்பு நெஞ்சுடைய படிப்போரே, அக்கடைக்கு உரியவளை எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கழுத்தில் எந்நேரமும் அளவுநாடா மாலைபோல் தொங்கியதால், சிறியோர்க்கும் பெரியோர்க்கும் அவள் 'நாடா அக்கா' ஆனாள். பெண்களின் மணவுடை தைப்பதில் அவளுக்கு இணை அவளே. பிற தையற்காரர்கள், உடல் பருக்கவும் கூடும் மெலியவும் கூடும் என்று எண்ணி, தையலின் உட்புறத்தே இரண்டு விரற்கடைத் துணியை மடித்து விட்டுவைப்பார்கள். நாடா அக்கா விடமாட்டாள். அளவில் நம்பிக்கை இல்லாதவர்கள்தாம் உள்ளே துணி விடுவார்கள் என்பது அவள் கொள்கை. அந்தக் கொள்கையைக் கடையோடு நிறுத்தாமல் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கும் எடுத்துச் சென்று, எவருடைய மன்றாட்டு வேண்டுமென்றே நீள்கிறது, எவருடைய பொறுமை ஒரு சாண் குட்டை என்றெல்லாம் அமர்ந்த இடத்திலிருந்தே அளந்துவிடுவாள். பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டு மூலையில் அமர்ந்திருக்கும் அவள் கணவன், வந்தவர்களிடம் கண் சிமிட்டியபடி, "எம் பொண்டாட்டி கண்ணால அளப்பா, வாயால வெட்டுவா. கத்தரிக்கோல் சும்மா ஒப்புக்கு" என்பான். அவளும் சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பின்போது அவள் கண்கள் சன்னலோரத்தை நோக்கா.

சன்னலோரத்தில் அமர்ந்து, ஆடைகளின் கரையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தவள் அவளுடைய நாத்தனார். ஆறாண்டுகளுக்கு முன், மணப்பெண்ணாக இதே கடையில் உடை அணிந்து பார்க்க நின்றபோது, நாடா அக்கா அவள் இடையைச் சுற்றிய நாடாவைக் கண்டு திடுக்கிட்டு, "போன மாசம் இருந்த இடுப்பு இல்லையே இது" என்று சொல்லிவிட்டாள். திரைக்கு அப்பால் அமர்ந்திருந்த மாமியாராக வேண்டியவள் காதில் அச்சொல் விழுந்தது. அன்று மாலையே மணம் முறிந்தது. மூன்று திங்களுக்குப் பின் மருத்துவர் அப்பெண்ணின் வயிற்றிலிருந்து எடுத்தது ஒரு கட்டியை. நாடா பொய் சொல்லவில்லை, அளவு மெய்தான். ஆனால் அந்த அளவுக்கு அவள் கூட்டிய பொருள் பொய்யாயிற்று. அதற்குள் மணமகன் வேறொருத்தியை மணந்திருந்தான். நாடா அக்கா அழுதாள்; காற்று வரும் சன்னலோரத்தை நாத்தனாருக்கு ஒதுக்கினாள்; உண்ணும்போது நல்ல துண்டை அவள் தட்டில் வைத்தாள். மன்னித்துக்கொள் என்னும் ஒரு சொல்லை மட்டும், தொண்டை வரை வந்து திரும்பும் முள்போல, ஆறாண்டாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

நாம் சொல்லத் தொடங்கிய அந்தப் பொன்வெயிற் பொழுதில்தான் அடுமனைக்காரரின் மகள் வந்தாள். மறுநாளுக்கு அடுத்த நாள் அவளுக்கு மணம். உடன் வந்த மணமகனின் தாய், முன்னறையில், முன்னொரு தாய் அமர்ந்திருந்த அதே நாற்காலியில் அமர்ந்து, பயண அலுப்போடு கைவிசிறியை வீசலானாள். திரைக்குப் பின்னே மணவுடை பெண்ணின் தோள் வழியே இறங்கியது. பாலில் ஒரு துளி தேன் விழுந்தாற்போன்ற வெண்மை. பனி படிந்த இதழ்போன்ற மென்மை. ஆனால் முதுகுப்புறத்துக் கொக்கிகள் இடையருகே வந்ததும் நின்றுவிட்டன. நாடா அக்கா இழுத்தாள். பெண் மூச்சை அடக்கினாள். இரண்டு விரற்கடை இடைவெளி இரு கரைக்கு நடுவே ஓடும் ஆறுபோல் மூடாமல் கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன்தான் எடுத்த அளவு அது.

பெண்ணின் முகம் வெளுத்தது. அந்தக் கடையில் முன்பு நடந்ததை அறியாதார் நகரில் இல்லை. அவள் கண்ணாடியில் நாடா அக்காவின் முகத்தைத் தேடி, காற்றுக்கும் கேளாத குரலில், "அக்கா, மேல ஒரு சால்வை போட்டு மறைச்சுக்கவா?" என்றாள். நாடா அக்காவின் உதடுகள் பிரிந்தன. பழகிய கத்தி உறையிலிருந்து தானே நழுவுவதுபோல ஒரு சொல் நாநுனிக்கு வந்தது.

அப்போது சன்னலோரத்துத் தையற்பொறி நின்றது. பற்களிடையே பிடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்திவிட்டு, நாத்தனார் தலை நிமிராமலே சொன்னாள்: "அண்ணி, நாடா அளவைத்தான் சொல்லும். கதைய சொல்லாது."

முன்னறையிலிருந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மணமகனின் தாய் கேட்டாள். விசிறி நின்றிருந்தது. மூலையில் கணவனின் ஊசி துணிக்குள் நுழையாமல் காத்திருந்தது. ஒரு பெண்ணின் வாழ்வு, கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடை வெளியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாடா அக்கா திரையை விலக்கி வெளியே வந்தாள். "தப்பு எம்மேலதாங்க. உள்ள துணி விடாம இறுக்கி வெட்டிட்டேன். நாளைக்கு சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க" என்றாள்.

"உங்க கையா தப்பு பண்ணுச்சு?" என்று வியந்தாள் அந்தத் தாய்.

"என் கையேதான்."

"அப்பாடா. இந்த வீட்டுல இதுவரைக்கும் தப்பு பண்ண நான் ஒருத்தன்தான் இருந்தேன், தொணைக்கு ஆள் வந்தாச்சு" என்றான் கணவன். மணமகனின் தாய் வாய்விட்டுச் சிரித்தாள். திரைக்குப் பின்னிருந்து ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

அவள் சொன்னது பொய்யன்று, படிப்போரே. தான் உள்ளே துணி விடாததே பிழை என்று அவள் உணர்ந்தது அந்த நொடியில்தான்.

ஆனால் பிழையை ஏற்றால் போதுமா? பிரித்து விட உள்ளே துணி வேண்டுமே. அந்த வெண்மையில் ஒரு முழம்கூட எக்கடையிலும் மிஞ்சவில்லை. கணவன் சந்தை முழுதும் அலைந்து வெறுங்கையோடு திரும்பி வர, நாத்தனார் எழுந்து உள்ளே போய், தன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பொதியைக் கொணர்ந்து வெட்டுமேசையின் மேல் விரித்தாள். ஒருமுறையும் ஆலயம் காணாத அவளுடைய மணவுடை அது. புதிதாய் இருந்த நாளில் பால்வெண்மை. ஆறாண்டு இருளில் கிடந்து கனிந்து, இப்போது அடுமனைக்காரர் மகளின் உடையோடு நூலிழை வேறுபாடின்றி ஒத்தது.

கத்தரிக்கோலை எடுத்த நாடா அக்கா, அதை மீண்டும் மேசைமேல் வைத்தாள். துணியின் மேல் இரண்டு துளிகள் விழுந்து வட்டமாய்ப் பரந்தன. "என்னை மன்னிச்சிடும்மா" என்றாள்.

"அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு, அண்ணி. நீங்க கேக்கல, நானும் சொல்லல" என்ற நாத்தனார், உடையை மேசையோரத்துக்கு இழுத்து நேராக்கினாள். "அழுது துணிய கறையாக்காம வெட்டுங்க. நாளைக்கு சாயங்காலம்னு வேற சொல்லிட்டீங்க."

மணநாள் காலையில் ஆலய மணி முழங்க, அடுமனைக்காரரின் மகள் தந்தையின் கையைப் பற்றி நடந்து வந்தாள். விலாவின் இருபுறமும் புதிதாய் இணைந்திருந்த துணிப்பட்டைகள், அந்த நாளுக்காகவே அமைந்த அணிகள்போல் விளங்கின. பின்வரிசையில் இருந்த பெண்கள் தலை சாய்த்துக் கிசுகிசுத்தது பெண்ணைப் பற்றியன்று. நாடா அக்காவுக்கே கை தவறிவிட்டதாம் என்பதைப் பற்றியே. அச்சொல் காதில் விழுந்தபோது நாடா அக்கா, தன் அருகில் அமர்ந்திருந்த நாத்தனாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வேறெவரையும் அன்று அவள் அளக்கவில்லை.

அப்பெண்ணின் இடை ஏன் பருத்தது என்று அறிய விழையும் படிப்போரே, நாடா அக்கா அதைக் கேட்கவே இல்லை. அவள் கேளாததைக் கேட்க நமக்கு என்ன உரிமை?

அதன்பின் அந்த நீலக் கதவுக் கடையில் தைத்த ஒவ்வோர் உடையிலும், தையலின் உட்புறத்தே, இரண்டு விரற்கடைத் துணி அமைதியாக மடிந்திருந்தது. வெளியே நின்று காண்போர் கண்ணுக்கு அது தெரியாது. உடுத்தியவர்க்கும் அது தேவைப்படும் நாள் வரும்வரை தெரியாது. நம்மையெல்லாம் தைத்தவர் நம் தையல்களுக்குள் எத்தனை விரற்கடை விட்டுவைத்திருக்கிறாரோ, நாம் அறியோம். இத்தனை இழுப்புக்கும் இன்னும் கிழியாமல் இருக்கிறோம் என்பது ஒன்றே அறிவோம்.