ஆறாம் எண் நீக்கப்படுகிறது

பங்குனி முற்றிய அந்நாளின் நண்பகலில், கோவிற்பட்டிக்குக் கிழக்கே கண்ணெட்டும் தொலைவுக்கும் விரிந்த கரிசல் பரப்பு, பருத்தி எடுத்து முடிந்த வெறுமையோடு, பாளம் பாளமாய் வெடித்து, வானை நோக்கித் திறந்த எண்ணற்ற வாய்களைப் போல வெந்து கிடந்தது. அப்பரப்பின் நடுவே தீப்பெட்டி ஆலைகளின் மருந்து நெடியைச் சுமந்து நின்ற கடம்பமங்கலம் என்னும் சிறுநகரில், உப்புக் கரிக்காத நீர் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். மேலைத் தெருக்கள் மூன்றும் குடமேந்திச் செல்லும் மாரியூருணி அது.

ஆண்டுதோறும் அந்நகர்மன்றம் தன் துணைவிதிகளைப் புதுப்பிக்கும். குப்பை வண்டி வரும் நேரம், கடைப்பலகையின் நீளம், தெருவில் ஆடு கட்டுவோர்க்குத் தண்டம் என்று, படிப்போரைத் துயிலில் ஆழ்த்தும் பதினான்கு தாள்கள் அறிவிப்புப் பலகையில் தொங்கும். மறுப்புரைக்க முப்பது நாள் உண்டு. எவரும் மறுத்ததில்லை, ஏனெனில் எவரும் படித்ததில்லை.

நாடு விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டில் அவற்றை ஒருத்தி படித்தாள். நகர்மன்றத் தலைவர் சண்முகராஜின் ஆலையில் தீக்குச்சி அடுக்கும் செல்வமாரி, முப்பத்தைந்து அகவைக்குமேல் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவள். மகளின் பிறப்புச் சான்றுக்காக மன்ற அலுவலகத்தில் காத்திருந்த நேரத்தில், பசித்தவள் பருக்கை பொறுக்குவதுபோல ஒவ்வோர் எழுத்தாய்ப் பொறுக்கிப் படித்துவந்தவள், பதினோராம் தாளில் நின்றாள். 'காக்கப்படும் நீர்நிலைகளின் பட்டியலில் ஆறாம் எண் நீக்கப்படுகிறது.'

எழுத்தர் பெருமாள்சாமியிடம் சென்று கேட்டாள்.

"அண்ணாச்சி, இந்த ஆறாம் நம்பரு என்னது?"

"அது ஒண்ணுமில்ல தாயி. வருசா வருசம் போடுததுதான்."

"ஒண்ணுமில்லாததை எதுக்கு எடுக்காவ? பழைய பொஸ்தகத்தைக் காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்."

அவர் மறுத்தார், அவளோ அசையாது நின்றாள். மாலை நான்கு மணிக்கு, அவள் பார்வையைத் தாங்கமாட்டாதவராய்ப் பழைய ஏட்டை விரித்து முன்னே தள்ளினார். ஆறு: மாரியூருணி.

அன்றிரவு குடிநீர்க்குடம் நிரப்பவிருந்த முந்நூறு குடும்பங்களும் அறியாவண்ணம், ஓர் ஊரின் தண்ணீரை ஓர் எண்ணுக்குள் ஒளித்து, அவ்வெண்ணைத் தாள்களுக்கிடையே புதைத்திருந்தனர். ஊருணியின் கீழ்க்கரையை ஒட்டித் தலைவரின் மைத்துனர் தைமாதமே கல்தூண் நட்டு வேலியிட்டதன் பொருள் அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. மறுப்புக்குரிய முப்பதாம் நாள் அதுவே. தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, நெல்லிக்காய் நெல்லிக்காயாய்ப் பெரிய எழுத்தில் நான்கு வரி எழுதினாள்.

"வாங்கிக்கிட்டோம்னு முத்திரை குத்திக் குடுங்க" என்றாள்.

பெருமாள்சாமி வாயிற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குத்திக் கொடுத்தார்.

திங்களன்று மன்றம் கூடிற்று. சண்முகராஜ் அம்மறுப்பை இரு விரலால் தூக்கிக் காட்டி, "ஊரே சம்மதிச்சிருக்கு, ஒரே ஒரு கையெழுத்துதான் வந்திருக்கு. வழக்கமா வார விதிதானே, முடிச்சிருவோம்" என்றார்.

பார்வையாளர் இருக்கையிலிருந்து செல்வமாரி எழுந்தாள். "வழக்கமா வாரதுன்னா, அந்த ஆறாம் நம்பரு என்னன்னு உங்க வாயால சொல்லிருங்க, மொதலாளி. நான் உக்காந்துக்கிடுதேன்."

அவர் உறுப்பினர் பக்கம் திரும்பி விதியை வாக்குக்கு விட்டார். உறுப்பினர் இருபத்தொருவருள் ஒருவரும் கேட்கவில்லை. தேநீர்க் குவளைகள் ஆறுமுன்னே கைகள் உயர்ந்தன, விதி நிறைவேறிற்று. மறுநாட் காலையில் ஆலையின் வாயிற்காவலன் அவளை உள்ளே விடவில்லை. அதே வேளையில், இடிந்த கட்டடங்களின் கல்லும் காரையும் ஏற்றிய வண்டிகள் ஊருணிக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

வேலையிழந்தவள் அழுதுகொண்டு அமர்ந்திருக்கவில்லை. முத்திரை பதித்த தாளோடும் தெருப்பெண்கள் நாற்பதின்மரோடும் தூத்துக்குடி சென்று மாவட்ட ஆட்சியர்முன் நின்றாள். மறுப்புக்கு விடை கூறாது நிறைவேறிய விதி செல்லாது என்று ஆட்சியர் நிறுத்திவைத்த அன்று, ஊருணியின் கீழ்ப்பாதி ஏற்கெனவே தூர்ந்திருந்தது. எஞ்சிய பாதியில் அவ்வாண்டுக் கோடை முழுதும் சுண்ணாம்பு கலங்கிய நீரையே துணியில் வடித்துக் குடித்தனர், அந்நகரின் மக்கள். செல்வமாரி புதூர்ப் பக்கம் கூலிக்குக் களையெடுக்கப் போனாள். தூர்த்தவரை எவரும் ஒரு சொல் கேட்டாரில்லை. தலைவரின் இருக்கையும் அசையவில்லை.

அடுத்த பங்குனியில் வெளிவந்த புதுப்பிப்பில், மாரியூருணி பட்டியலுக்குத் திரும்பியது. அதனருகே ஒரு குறிப்பும் இருந்தது: 'சென்ற ஆண்டு நேர்ந்த எழுத்துப்பிழை திருத்தப்படுகிறது.'

அதை இருமுறை படித்த செல்வமாரி, எழுத்தரை நோக்கித் திரும்பினாள்.

"எழுத்து மேலயா பழியைப் போடுதாவ, அண்ணாச்சி? அது என்ன பாவம் செஞ்சது?"

பெருமாள்சாமி தலை குனிந்தார். கற்றறிந்த பெரியீர், திட்டமிட்டுச் செய்த தீமைக்குப் பிழையென்று பெயர்சூட்டி, தமக்குத் தாமே மன்னிப்பும் வழங்கிக்கொண்ட அம்மன்றத்தில், அன்று நாணம் அறிந்து குனிந்த தலை அஃதொன்றே.