இறக்கைக்கு வைத்த சந்தனம்

அன்று காலை ஈப்போ விமானக் கிளப்பின் கொட்டகையில் நின்றவர்கள் இவர்கள்தான்: தம்பிமுத்து, அவர் மனைவி செல்லாச்சி, தம்பி மகள் தர்மினி, மெக்கானிக் அஸ்லான், செயலாளர் சுரேன். பிறகு ஊரெல்லாம் கதை பரப்பியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

தர்மினி அப்போதுதான் கிளப்பின் சிறு விமானத்தைத் தனியாக ஓட்டிப் போய்த் தரையிறங்கியிருந்தாள். பக்கத்து ஊரான லகாட்டுக்கு மேலே எஞ்சின் வலுவிழந்து முனகத் தொடங்கியது. மிஞ்சிய வலுவை வைத்தே திரும்பி வந்து, அலுங்காமல் இறக்கிவிட்டாள்.

"எஞ்சின்ல கோளாறு இல்லன்னா, ஓட்டினவங்க தப்புன்னுதான் எழுதணும்," என்றார் சுரேன். "அப்புறம் இங்க தர்மினி கேட்ட பயிற்சியாளர் வேலை கஷ்டம்லா."

தம்பிமுத்துவின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. அவர் குடும்பத்தில் ஒருவர் பெயரிலும் யாரும் அப்படி எழுதியதில்லை. இனியும் எழுத விடப்போவதில்லை.

அஸ்லான் இறக்கைமேல் ஏறி டாங்கி மூடியைத் திறந்தார். பெட்ரோல் நிறைய இருந்தது. அடியில் கொஞ்சம் வடித்துப் பார்த்தார், தண்ணீர் கலக்கவில்லை. எஞ்சினை முடுக்கினார். சீராக உறுமியது. தீப்பொறி தரும் மக்னீட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார், அவற்றிலும் குறையில்லை.

"நல்லாத்தான் ஓடுது தங்கச்சி."

"காபிரேட்டர்ல ஐஸ் பிடிச்சிருக்கும், சூடு கொடுத்தா உருகிரும். இவங்க பதறிட்டாங்க," என்றார் சுரேன்.

"உடனே சூடு கொடுத்துப் பார்த்தேன் அண்ணே, மாறல. பதறியிருந்தா இங்க நின்னு உங்ககிட்ட பேசிக்கிட்டு இருப்பேனா?" தர்மினி சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். "அஸ்லான் அண்ணே, மூடியத் திறந்தப்ப உஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சே! அதுக்கப்புறம்தான் நல்லா ஓடுது."

அவள் இறக்கைக்கு அடியில் குனிந்தாள். பெட்ரோல் குறையக் குறைய டாங்கிக்குள் காற்றை விடும் சிறு குழாய் அங்கே இருந்தது. காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. குழாயின் வாயில் கெட்டியாக அப்பி, வெயிலில் இறுகிக் கிடந்தது சந்தனம். நடுவில் குங்குமம்.

செல்லாச்சி கணவரைப் பார்த்தாள். அவள் பறக்கக் கிளம்புமுன் விமானத்துக்குப் பூஜை போட்டே தீரவேண்டும் என்று நின்றவர் அவர்தான். மூக்கிலும் சக்கரத்திலும் பொட்டு வைத்தவர், விரலுக்கு வாகாக நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குழாய் முனையையும் விடவில்லை.

"பூஜைக்கு முந்தியே எல்லாம் பார்த்துட்டேன். திரும்பப் பார்த்திருக்கணும், அது என் தப்பு," என்றாள் தர்மினி.

"நீ பார்த்து முடிச்சப்புறம் கை வச்சது நான்," என்றார் தம்பிமுத்து. "சுரேன், என் பேரைப் போட்டு எழுதுங்க. முழுப் பேரும்."

சுரேன் தலையாட்டினார். "அப்ப அடுத்த மாசமே வகுப்பை ஆரம்பிச்சிருங்கலா, தர்மினி."

"அடுத்த பூஜைக்கு எலுமிச்சம்பழம் மட்டும் போதும் அங்கிள்," என்றார் அஸ்லான்.

அடுத்த வாரம் ஜெலாப்பாங்கில் ஒரு கல்யாணப் பந்தி. "உங்க தம்பி மக வானத்துல கத்திட்டாளாம், கீழேயிருந்து ஒருத்தர் சொல்லிச் சொல்லி இறக்கினாராமே?" என்றார் பக்கத்து இலைக்காரர்.

தம்பிமுத்து சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"கத்தல. யாரும் சொல்லித்தரல. அவளேதான் இறக்கினா. குழாயை அடைச்சது நான்."