ஒச்சாயி எடுத்த படம்

விருமாண்டிக்கு அந்த ஆசை வந்தது கோரிப்பாளையத்தில், எழுபத்தெட்டாம் வருஷம். சமயநல்லூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவன் தச்சன். அடையாள அட்டைக்குப் படம் வேண்டுமென்று பட்டறையில் கேட்டதால் சிக்கந்தர் பாயின் ஸ்டுடியோவுக்குப் போனான். பாய் பெரிய மரக் கேமராவை எதிரில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, படம் எடுத்து முடித்தார். விருமாண்டி எழுந்து போகவில்லை.

"பாய், நானும் ஒரு தடவ உள்ள பாத்துக்கிறட்டுமா?"

பாய் துணியைத் தூக்கிப் பிடித்தார். பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் நாற்காலியும் சன்னலும் வெளியே போன பஸ்ஸும் தலைகீழாகத் தெரிந்தன. விருமாண்டி வெகுநேரம் துணிக்குள்ளேயே நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் ஒச்சாயியிடம் சொன்னான். அவள் அவனுடைய அத்தை மகள். கல்யாணமாகி நாலு வருஷம். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொடுத்துக் கொண்டிருந்தாள்.

"அது மாதிரி ஒண்ணு செய்யப் போறேன், புள்ள."

"எதுக்கு மச்சான்?"

"தெரியல. செய்யணும் போலருக்கு."

அவள் சோற்றைப் போட்டாள்.

பட்டறையில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தான். முன்னால் ஒரு சட்டம், பின்னால் ஒரு சட்டம், இரண்டும் ஓடுவதற்கு அடியில் பலகை. ஆணி இல்லாமல் மூலைக்கு மூலை கோத்தான். சன்னல் கண்ணாடியில் எமரித் தூளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து மங்கலாக்கினான். லென்ஸுக்கு மறுபடி பாயிடம் போனான். ஸ்டுடியோவின் டார்க் ரூம் கதவு இற்றுப்போய் வெளிச்சம் கசிவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே புதுக் கதவு செய்து மாட்டினான். பாய் மேசை இழுப்பறையிலிருந்து ஓரம் சில்லுப்போன பழைய லென்ஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"இங்க சும்மாத்தான் கெடக்கு, வச்சுக்க தம்பி. இன்ஷா அல்லா, முடிச்சதும் எங்கிட்ட காட்டணும்."

துருத்திதான் அவனைப் படுத்தி எடுத்தது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் மடிந்து விரியும் துணிக்கூடு அது. முதலில் அட்டையில் ஐந்து தடவை மடித்துப் பார்த்தான், ஐந்து தடவையும் மூலையில் பிதுங்கிக்கொண்டது. ஆறாவது தடவை அட்டையைத் தூக்கிச் சுவரில் எறிந்தான்.

ஒச்சாயி மிஷினை நிறுத்திவிட்டு வந்து அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "பக்கத்துக்குப் பக்கம் மடிப்ப மாத்தி விடணும் மச்சான். நீ நாலு பக்கமும் ஒரே மாதிரி மடிக்கிற. அப்புறம் மூலை எங்கிட்டுப் போகும்?"

பேப்பரில் மடித்துக் காட்டினாள். பாவாடைக் கொசுவம் போல அடங்கியது. மூன்று நாளில் குடைத்துணி, உள்ளே அட்டைப் பட்டை, அதற்குள் கறுப்பு லைனிங் என்று தைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டாள். விருமாண்டி அதை இழுத்து விரித்தான், மூடினான், மறுபடி விரித்தான்.

பிலிம் தட்டுகளுக்கு வழியில்லாததால், பாய் சொன்ன யோசனைப்படி போட்டோ பேப்பரையே உள்ளே வைத்து எடுத்தார்கள். முதல் பேப்பர் முழுக்கக் கறுப்பாகப் போனது. எங்கேயோ வெளிச்சம் புகுகிறது என்றார் பாய்.

மறுநாள் ஞாயிறு. உச்சி வெயிலில் ஒச்சாயி துருத்திக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அவள் கழுத்தைச் சுற்றி அவன் துணியை இறுக்கிப் பிடித்தான்.

"எதும் தெரியுதா?"

"வானத்து நட்சத்திரம் மாதிரி இருக்கு. ஏழு ஓட்டை." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "கைய வை... இன்னும் மேல. அங்கதான்."

அவள் சொன்ன இடத்திலெல்லாம் கறுப்புப் பெயிண்டைத் தொட்டு வைத்தான். வெளியே வந்தவள் முகமெல்லாம் வேர்வை, மூக்கு நுனியில் பெயிண்ட். அவன் தோள் துண்டால் துடைத்துவிட்டான்.

வேப்ப மர நிழலில் அவளை நிறுத்தினான். லென்ஸ் மூடியை எடுத்து ஆறு எண்ணி மூட வேண்டும், அதுவரை அசையக் கூடாது. அவன் முகத்தை இறுக்கிக்கொண்டு மந்திரம் சொல்வதுபோல் எண்ணியதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று தடவையும் அப்படியே.

"எனக்கு ஆகாது. நீ போய் நில்லு, நான் எண்றேன்," என்றாள்.

சாயங்காலம் பாயின் டார்க் ரூமில் சிவப்பு விளக்கின் கீழ், தொட்டியில் கிடந்த பேப்பரில் விருமாண்டி வந்தான். கறுப்பும் வெள்ளையும் இடம் மாறியிருந்த அதிலிருந்து பாய் நேர்ப்படம் போட்டுக் கொடுத்தார். அவன் நிறத்துக்கு ரெண்டு மடங்கு கறுப்பு. ஆனால் சட்டையின் தையல் வரை துல்லியம்.

"மீசையும் மூஞ்சியும் ஒண்ணாத் தெரியுது," என்றாள் ஒச்சாயி. படத்தைக் கையிலிருந்து விடவில்லை.

"யாரு எடுத்தது?" என்று கேட்டார் பாய்.

"இவதான்."

பாய் அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ஒரு ஒத்தாசை செய்யணும். எங்க தெருவுல நாலு பொம்பளைக பாஸ்போர்ட் எடுக்கணும். மாப்பிள்ளைக சவுதியில இருக்காங்க. எம் முன்னாடி முக்காட்ட எடுத்து ஒக்காரக் கூச்சப்படுதுக. பிலிமும் தட்டும் நான் தாரேன். நீ எடுத்துக் கொடுப்பியா?"

ஒச்சாயி புருஷனைப் பார்த்தாள்.

"என்னையப் பாத்தா? எண்றது நீதான்," என்றான் அவன்.

அடுத்த வாரம் கேமராவைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பாயின் தெருவுக்குப் போனார்கள். வாசல் வரை கேமராவை நிறுத்தும் முக்காலியைத் தூக்கி வந்து கொடுத்துவிட்டு விருமாண்டி எதிர் டீக்கடையில் உட்கார்ந்தான். நாலு பேரும் கூடியிருந்த வீட்டு முற்றத்தில் ஒச்சாயி ஒவ்வொருவராக உட்காரவைத்தாள். கடைசியாக வந்த மும்தாஜ் என்ற சின்னப் பெண், "அக்கா, நான் பாக்கலாமா?" என்று துணிக்குள் புகுந்தாள். அவள் போட்ட சத்தத்தில் மற்ற மூன்று பேரும் ஓடிவந்து, ஆளுக்கு ஒரு தடவை அந்த வீட்டைத் தலைகீழாகப் பார்த்தார்கள்.

நாலு படமும் தேறின. அந்த வருஷம் மட்டும் முப்பது வீட்டுக்கு மேல் கூப்பிட்டார்கள். பட்டறை லீவு நாளெல்லாம் விருமாண்டி முக்காலி தூக்கினான். யாராவது கேட்டால், "பெட்டி நான் செஞ்சது, படம் அவ எடுக்கிறது," என்பான். எண்பதில் அவளுக்கென்று கைக்கு அடக்கமாக, எடை குறைவாக இன்னொரு கேமரா செய்ய ஆரம்பித்தான். துருத்தி வேலையை மட்டும் அவளிடமே கொடுத்துவிட்டான்.