உள்ளே வைத்த பொட்டு

படம் வரையத் தொடங்கினால் போதும், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் காற்றாடிகள் வெறி பிடித்தாற்போல் அலறும். திரை கறுத்துவிடும். சுவிட்சை அணைத்தால்தான் அடங்கும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரு வீட்டின் முப்பரிமாணப் படத்தை அனுப்பினால் ரவாங் டவுனில், அக்கா வேலை செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. என் மனைவி பிரேமலா செத்ததிலிருந்து நான் எதையும் தொடவில்லை. இப்போதுதான் எழுந்து உட்கார்ந்தேன். அதற்கும் இந்தச் சனியன் குறுக்கே நின்றது.

டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டேன். காற்றாடி வேகத்தைக் குறைக்கும் மென்பொருளில் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கினேன். அது என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. பெட்டியைத் திறந்து தூசி ஊதி மூடினேன். மறுபடியும் அதே அலறல்.

அக்கா ரமணி சோற்று டப்பாவுடன் உள்ளே வந்தாள்.

"என்னடா யுவனேஸ், புக்கிட் பெலிம்பிங் ஊரு முழுக்கக் கேக்குது. வாசல்ல லோரி நிக்குதோன்னு பாத்தேன்."

"கார்டு மக்கர் பண்ணுதுக்கா."

"இன்னிக்கு விட்டா வேற ஆள எடுத்துருவாங்க லா. எங்க மேனேஜர்கிட்ட எவ்ளோ கெஞ்சி வாங்குனேன் தெரியுமா?"

எனக்கு எரிச்சல் வந்தது. கெஞ்சச் சொன்னது யார் என்று கேட்க வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கும் நண்பன் வாசுவுக்குப் போன் போட்டேன். சத்தத்தைக் கேட்டதுமே சொன்னான்: "பவர் சரியா போவல மச்சான். ஒயர் சொருகுற எடத்த டார்ச் அடிச்சுப் பாரு. அழுக்கு இருந்தா ஸ்பிரிட் தொட்டு பிரஷ்ஷால தேய்."

டார்ச் அடித்தேன். ஒயர் செருகும் இடத்துக்கு மேலே காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

போன ஆயுத பூசை. எல்லாரும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு வெளியேதான் பொட்டு வைப்பார்கள். பிரேமலா பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். "எங்கப்பா லோரிக்கு பானட்டத் தொறந்து என்ஜினுக்குத்தாங்க பொட்டு வைப்பாரு. வேல செய்யிறது உள்ளதான இருக்கு?" என்றாள். தடுக்க யாரால் முடியும்? சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தேன். பொங்கலுக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள்.

ஈரச் சந்தனம் உள்ளே வழிந்திருக்கிறது. மாதக்கணக்கில் சும்மா கிடந்ததில் ஒயர் செருகும் பித்தளை முனைகளில் பச்சை பூத்துவிட்டது.

கதவிலும் பிரிட்ஜிலும் அவள் வைத்த பொட்டுகளை, துக்க வீட்டைக் கழுவியபோது யாரோ துடைத்துவிட்டார்கள். சேலைகளை அவள் அம்மா கொண்டுபோனார். இது ஒன்றுதான் யார் கண்ணிலும் படாமல் தப்பியிருந்தது. சந்தனத்தில் அவள் மோதிர விரலின் ரேகைகூடத் தெரிந்தது.

"மணி நாலாச்சுடா," என்றாள் அக்கா. நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. காட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

பழைய பல் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்தேன். உள்ளே வழிந்ததை மட்டும் தேய்ப்போம், பொட்டை விட்டுவிடுவோம் என்றுதான் நினைத்தேன். ஸ்பிரிட் பட்டதும் எல்லாம் சேர்ந்து கரைந்தது. குங்குமம் என் விரலெல்லாம் ஒழுகியது. தேய்த்து முடித்தேன். துடைத்துக் காயவைத்து, ஒயரைச் செருகி, சுவிட்சைப் போட்டேன்.

திரை வந்தது. சத்தமில்லை. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். படத்தைத் திறந்தேன். பாதி வீடு எழுந்தது, சுவர், ஜன்னல். அப்புறம் திரை கறுத்தது. காற்றாடிகள் அலறின.

வாசுவுக்கு மறுபடி போன் போட்டேன். "அரிச்சிருந்தா அவ்ளோதான் மச்சான், கார்டு போச்சு," என்றான்.

அக்கா ஏதோ கத்தினாள். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அணைக்கவும் எனக்குத் தோன்றவில்லை. பிரஷ்ஷை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தேன். வெறும் ஸ்பிரிட் வாடைதான் வந்தது.