மோய் மாமா எழுதிய பரீட்சை

கனடாவின் ரெஜைனா நகரத்து நல்மேய்ப்பர் சீனத் திருச்சபைக்கு அறுபது வயது நிறையப் போகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் மூப்பர் டெரன்ஸ் ஃபங். ஓய்வு பெற்ற பல் மருத்துவர். யார் வாயைத் திறந்தாலும் உள்ளே ஏதோ கோளாறு இருக்கும் என்று நம்புகிறவர். வைர விழாவுக்கு மலர் போட வேண்டும், அதில் சபை வரலாறு வர வேண்டும் என்று தீர்மானம் போட்டு, எழுதும் வேலையை மிரியம் குவோக்கின் தலையில் கட்டினார்.

மிரியம் முப்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். கான்டனீஸ், மாண்டரின், ஆங்கிலம் மூன்றும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. போதாததற்கு, அம்மாவிடமிருந்து வந்த தாய்ஷான் என்ற தென்சீன வட்டாரப் பேச்சும் தெரியும். சபையில் அதைப் பேச இன்னும் ஏழெட்டுக் கிழங்கள்தான் மிச்சம்.

எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, சபைக்கு வரலாறு ஒன்றல்ல. ஹாங்காங்கிலிருந்து வந்த கான்டனீஸ்காரர்களைக் கேட்டால், 1974இல் தாங்கள் மாணவர்களாக வந்து இறங்கிய பிறகுதான் சபை சபையாக ஆனது என்றார்கள். மாண்டரின் பகுதியின் போதகர் ஷ்யூ, "இப்ப உக்கார்ந்திருக்கிற பத்துப் பேர்ல ஏழு பேர் எங்க ஆளுங்க, சிஸ்டர். நாங்க வந்த 2001க்கு முன்னாடி உள்ளதை ஒரு பாராவுல முடிச்சிடலாமே" என்றார். ஆங்கில ஆராதனைக்கு வரும் இளசுகள், படம் மட்டும் போட்டால் போதும் என்றார்கள். 1985இல் ஞானஸ்நானத் தொட்டியில் வெந்நீர் விடுவதா, பச்சைத் தண்ணீரா என்று சண்டை போட்டுக்கொண்டு முப்பது குடும்பங்கள் வெளியே போய்த் தனிச்சபை வைத்தன. அதை மூப்பர் தன் கையால் திருத்தி, "கர்த்தர் சபையை இரண்டாகப் பெருகப் பண்ணினார்" என்று எழுதிக் கொடுத்தார்.

ஆரம்பம் எப்படி என்று கேட்க ஒரே ஒருவர்தான் பாக்கி. மோய் கிம்-சிங், எண்பத்தெட்டு வயது. 1964இல் ஞானஸ்நானம் வாங்கிய பதினொரு பேரில் உயிரோடு இருப்பவர். மிரியம் அவர் வீட்டுக்குப் போனபோது, சமையலறையில் ஒரு கூடை பட்டாணிக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மாமா, எப்படி விசுவாசத்துக்குள்ள வந்தீங்க? அதைச் சொல்லுங்க."

"விசுவாசமா? நான் இங்கிலீஷ் கத்துக்கப் போனேம்மா."

அப்போது அவர் ஒரு கஃபேயின் சமையல்கட்டில் வேலை பார்த்தார். மனைவி ஹாங்காங்கில் எட்டு வருடமாகக் காத்திருந்தாள். அவளை வரவழைக்கும் மனுவை நிரப்ப ஆங்கிலம் வேண்டும். வெள்ளைக்காரர்களின் ஒரு தேவாலயத்தில், மிஸ் ஹாலிடே என்ற அம்மாள் திங்கட்கிழமை மதியம் இலவசமாகச் சொல்லிக் கொடுத்தாள். பாடப் புத்தகம் பைபிள்.

"அதனால எங்களுக்குக் 'குஷ்டரோகி'க்கு இங்கிலீஷ் தெரியும், 'உருளைக்கிழங்கு'க்குத் தெரியாது" என்றார் மோய். "ரெண்டு வருஷம் கழிச்சு அந்தம்மா கேட்டுச்சு, 'நீங்க தயாரா?'ன்னு. பரீட்சைக்குத்தான் கேக்குதுன்னு நெனச்சு, தயார்னு எல்லாரும் கையைத் தூக்கிட்டோம். வெள்ளை அங்கி மாட்டி வரிசையா நிக்க வெச்சாங்க. ஒவ்வொருத்தனா தண்ணியில முக்கி எடுத்தாங்க. எனக்குப் பின்னாடி நின்ன லியோங், 'டேய், இந்த ஊர்ல பரீட்சைய இப்படித்தான் வைக்கிறானுங்களா?'ன்னு கேட்டான். 'மூச்சைப் புடிச்சுக்கோ, பாஸாயிடலாம்'னேன். வெளிய வந்ததும் தங்க முத்திரை போட்ட சான்றிதழ் கொடுத்தாங்க. பதினொரு பேரும் பாஸ்!"

மிரியத்துக்குச் சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பரீட்சை இல்லேன்னு எப்ப தெரிஞ்சுது?"

"குடிவரவு ஆபீஸ்ல. இங்கிலீஷ் தெரியும்னு அந்தக் காகிதத்தை நீட்டினேன். ஆபீசர் விழுந்து விழுந்து சிரிச்சான்." கீரையைக் கீழே வைத்தார். "அந்தம்மாகிட்டப் போய், நாங்க பரீட்சைன்னு நெனச்சோம்னு சொல்ல மனசு வரல. எங்களைப் பார்த்து அன்னிக்கு அழுதுச்சு, சந்தோஷத்துல. அதனால அடுத்த திங்கக்கிழமையும் போனேன். அதுக்கடுத்ததும் போனேன். எப்ப நம்ப ஆரம்பிச்சேன்னு கேட்டா தேதி கெடையாது."

மிரியம் அதை அப்படியே எழுதினாள். மூப்பர் ஃபங் படித்துவிட்டு, சொத்தைப் பல்லைப் பார்ப்பது போல் தாளைப் பார்த்தார்.

"இதை அச்சுல போட்டா மத்த சபைக்காரன் என்ன நெனப்பான்? பதினொரு பேர் தெரியாம முங்கி எந்திரிச்சு ஆரம்பிச்ச சபைன்னு சொல்லவா?"

"நடந்தது அதானே, மூப்பரே."

"நடந்தது வேற, வரலாறு வேற, சிஸ்டர்."

மலர் அச்சாகி வந்தது. மூன்றாம் பக்கத்தில், பதினொரு சகோதரர்கள் பனிப்புயலில் வழி தவறி நடுங்கியபோது ஒரு பேரொளியைக் கண்டு மண்டியிட்டதாக இருந்தது. மிரியம் பெயர் அடியில் இருந்தது.

விழா ஞாயிறன்று மூன்று ஆராதனையும் ஒன்றாக நடந்தது. மோய் மாமா சாட்சி சொல்ல வேண்டும். மிரியம் பக்கத்தில் நின்று மாண்டரினிலும் ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்ல வேண்டும். பேரொளி வரை பெரிய எழுத்தில் அடித்து அவர் கையில் கொடுத்திருந்தார் மூப்பர். மோய் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் இங்கிலீஷ் படிக்கத்தான் வந்தேன்" என்றார் தாய்ஷான் பேச்சில்.

முன்வரிசைக் கிழங்கள் நிமிர்ந்தன. மூப்பர் ஃபங், மிரியத்தைப் பார்த்துக் கையால் பெரிய வட்டம் போட்டுக் காட்டினார். பேரொளியைச் சொல் என்று அர்த்தம். அவள் நினைத்தால் சொல்லியிருக்கலாம்; கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு மோய் பேசுவது புரியாது. ஆனால் சாட்சி சொல்பவர் பக்கத்தில் நின்று, அவர் சொல்லாததைச் சொன்ன பழக்கம் முப்பது வருடத்தில் அவளுக்கு ஒரு நாளும் இல்லை. கொலைகாரன் சொன்னதையே கூட்டாமல் குறைக்காமல் சொன்னவள், மோய் மாமாவுக்கு மட்டும் துரோகம் செய்வாளா? சொன்னதைச் சொன்னாள்.

தண்ணீரில் முக்கிய இடம் வந்ததும் சிரிப்பு மூன்று தவணையாக எழுந்தது. முதலில் கிழங்களும், பாதி புரிந்த கான்டனீஸ்காரர்களும். அவள் மாண்டரினில் சொன்னதும் நடுக்கூடம் முழுக்க. ஆங்கிலத்தில் சொன்னதும் பின்வரிசை இளசுகள், கைபேசியை விட்டுத் தலையைத் தூக்கி. போதகர் ஷ்யூ வாயை வேதாகமத்தால் மறைத்துக்கொண்டு குலுங்கினார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை என்ற இடத்தில், கூடம் மூன்று முறை அமைதியானது.

சாப்பாட்டு நேரத்தில் பூசணி சூப்புக்கும் வறுத்த நூடுல்ஸுக்கும் நடுவே ஒரே பாவ அறிக்கையாக இருந்தது. "எங்க வீட்டு சோபாவை மாடிக்குத் தூக்க ஆள் வேணும்னுதான் முதல்ல வந்தேன்" என்றார் காவ் என்ற பொறியாளர். "நான் இந்த சூப்புக்கு" என்றாள் ஒருத்தி. இன்னொருவர் கார் ஓட்டப் பழக வந்தாராம்.

"மூப்பரே, நீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்குத் தேவ அழைப்பு" என்றார் ஃபங், விறைப்பாக.

"ஆமா, அழைப்புதான்" என்றாள் அவர் மனைவி, நூடுல்ஸைக் கிண்டியபடி. "நான் பாடகர் குழுவுல முன்வரிசையில நின்னேன். ஒரு மாசம் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தார் இவர்."

மூப்பரின் காது சிவந்தது. மறுக்கத்தான் வாயைத் திறந்தார். கடைசியில் அவரே சிரித்துவிட்டார்.

ஆனாலும் செயற்குழு செயற்குழுதானே. அடுத்த வாரம் கூடி, மலரின் மூன்றாம் பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டுவது என்று முடிவு செய்தது. கான்டனீஸ் பகுதியை மூப்பர் எழுதினார்: "மேற்கண்ட விவரத்தில் சிறு வேறுபாடுகள் இருக்கக்கூடும்." மாண்டரினில் போதகர் ஷ்யூ எழுதினார்: "நம் முன்னோடிகள் கல்வித் தாகம் மிக்கவர்கள்." ஆங்கிலம் மிரியத்தின் பங்கு. அவள் ஒரே வரியில், பதினொரு பேரும் அதைப் பரீட்சை என்று நினைத்தார்கள் என்று எழுதி, பசை தடவி, ஒவ்வொரு பிரதியிலும் பேரொளியின் மேல் சரியாக மறைக்கும்படி ஒட்டினாள்.