ஆயிரத்து நூற்று நாற்பத்தாறாவது துளி

தனுஜா பிளாஸ்க்கில் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ரபீகா வாசற்படியில் வந்து நின்று அழுதாள். ஒரு கையில் போன். முக்காடு அவசரத்தில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

“யா அல்லாஹ், நீ இன்னம் குசினியிலயா ஈக்கிறாய்? ஒங்கட அப்பா மவுத்தாகீட்டாராமே!”

“யாருக்கா சொன்னா?”

“ஒங்கட நானா தான். துளியில போட்டீக்கிறாரு.”

தனுஜாவின் அண்ணன் ஜனார்த்தனன், ஞானஸ்நானம் எடுத்து பிரதர் ஜொனத்தன் ஆன நாளிலிருந்து, தினமும் காலை ஐந்தரைக்கு ‘அதிகாலைத் துளி’ என்ற பெயரில் ஒரு தியானம் எழுதி வட்ஸ்அப் குழுவில் போட்டு வந்தான். ஒரு வசனம், அதில் சீஷனுக்கு உள்ள பாடம், கடைசியில் கூப்பிய கைகளின் படம் மூன்று. மூன்று வருடத்துக்கு மேலாக ஒரு நாளும் தவறியதில்லை. தன் போனில் இருந்த நம்பர்களை எல்லாம் சேர்த்துவிட்டிருந்ததால் குழுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், அவனுக்குக் கணக்கில் பத்து மார்க் போட்ட டீச்சர், ரபீகா உட்பட. ரபீகா தினமும் வாசிப்பாள். “எல்லாம் நபிமார்ட கதை தானே, நல்ல விஷயம்” என்பாள். தனுஜா மட்டும் அதன் சத்தத்தை ‘எப்போதைக்கும்’ என்று அமர்த்தி இரண்டு வருடமாகிறது. ஆகவே வீரய்யா இறந்த செய்தி மஹய்யாவையில் கடைசியாகத் தெரிந்தது அவருடைய மகளுக்குத்தான்.

ரபீகாவின் போனை வாங்கி வாசித்தாள்.

தன் மாம்சத்தின்படியான தகப்பன் இன்று காலை நாலு நாற்பதுக்கு இளைப்பாறினார் என்று துளி தொடங்கியது. முதலில் போய்த் தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்று தவணை கேட்ட ஒருவனிடம், அதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ என் பின்னால் வா என்று ஆண்டவர் சொன்னதை நினைவுபடுத்தியது. தானும் உபவாச ஜெபத்தை விட்டு எழும்பவில்லை, பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை என்றது. பிறகு இப்படி முடிந்தது: ‘நேற்று மாலை என் தகப்பன் தன் கையை உயர்த்தி, கர்த்தருடைய நாமத்தைக் கூப்பிட்டார். அல்லேலூயா! இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.’

கீழே அறுபத்தேழு ஆமென் விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபத்தெட்டு ஆனது.

தனுஜா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். இறுகிய பிறகும் திருகினாள்.

ஒன்பது நாளைக்கு முன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, “நான்தானே மூத்தவன்” என்று படிவத்தில் தன் நம்பரைக் கொடுத்தவன் அண்ணன். அவர் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு அம்பிட்டியவில் உள்ள ஜெபவீட்டுக்குப் போய் இருபத்தொரு நாள் உபவாசத்தில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு வரவில்லை. தினமும் துளி மட்டும் வந்தது.

நேற்று மாலை அப்பாவின் பக்கத்தில் இருந்தவள் தனுஜா. அப்பா கையைத் தூக்கியது உண்மை. கதவுப் பக்கம் யார் தலை தெரிந்தாலும் தூக்கினார். “ஜனாவா? ஜனா வந்துட்டானா?” என்றார். இதை அவள் நேற்றே போனில் அண்ணனிடம் சொல்லியிருந்தாள், அழுது அழுது, ஒரு சொல் விடாமல்.

ஆறு பத்துக்கு அவன் அழைத்தான்.

“தனு, உனக்குச் சொல்லத்தான்...”

“ரபீகாக்கா சொல்லிட்டாங்க.”

“நான் முதல்ல கர்த்தருடைய பாதத்துல வெச்சிட்டு...”

“முந்நூத்திப் பன்னெண்டு பேரோட பாதத்துல வெச்சிருக்க. அப்பா யாரு பேரச் சொன்னாருன்னு நான் உனக்குச் சொன்னேன்?”

போனில் எங்கோ ஒரு சேவல் கூவியது.

“அத அழிச்சிரு” என்றாள்.

“நெறைய பேர் தொடப்பட்டிருக்காங்க, தனு. ஒரு சிஸ்டர் குளறி அழுது வொய்ஸ் போட்டிருக்காங்க. இப்ப அழிச்சா...”

“அழிச்சிட்டு வா. இல்லாட்டி வராத.”

அவன் வந்தான். அழிக்கவில்லை.

வீரய்யா முப்பத்தெட்டு வருடம் மாநகரசபையில் குப்பை லொறியில் வேலை பார்த்தவர். எதையும் நாளைக்கு என்று வைக்கக்கூடாது என்பது அவருடைய ஒரே கொள்கை. தன்னையும் செத்த அன்றே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். சோறு கட்டி வந்த பிளாஸ்டிக் லன்ச் ஷீட்டைக்கூட அவர் கசக்கிப் போடமாட்டார். துடைத்து, நாலாக மடித்து, மின்சார மீட்டர் பெட்டிக்கு மேல் அடுக்குவார். எதற்கென்று யாரும் கேட்டதில்லை. அந்த அடுக்கு பெட்டியைவிட உயரமாகியிருந்தது.

பகல் பதினொரு மணிக்கு உடல் வந்தது. ஜனார்த்தனன் நீளக்கை வெள்ளைச் சட்டையோடு, ஸிப் உறை போட்ட வேதாகமத்தை அக்குளில் வைத்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே நின்றான். பெரியம்மா கமலம் மூன்று முறை போய்க் கூப்பிட்டாள்.

“ஏன்டா, மூத்த பிள்ள நீ வெளிய நின்னா தண்ணிக்கொடம் யாருடா தூக்குறது?”

“பெட்டி தூக்குறேன் பெரியம்மா. மத்ததுக்கு என்னயக் கூப்புடாதீங்க.”

“பெட்டி தூக்க லயத்துல அம்பது பேரு இருக்கானுக. அதுக்கா உன்னப் பெத்தாங்க?”

குடத்தைப் பெரியம்மாவின் மகன் தூக்கினான். காஸ் சிலிண்டர்காரர் வந்து தனுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “கடைசியில அப்பா சாமி பேரச் சொல்லித்தான் போனாராமே தங்கச்சி. குடுத்து வெச்ச மனுஷன்.”

“ஆமாண்ணே. சாமி கேட்டுக்கு வெளிய நிக்கிது.”

அவர் கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். விளங்காமல், மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அதற்குப் பிறகு வந்த நாலு பேரும் அதையே சொன்னார்கள். ஒருத்தி இன்னும் கொஞ்சம் சேர்த்து, அப்பாவின் முகம் பிரகாசித்ததாகவும் சொன்னாள்.

பெட்டியைத் தூக்கியதும் தனுஜாவும் வேனில் ஏறினாள்.

“பொம்பளப் பிள்ள அங்கல்லாம் வரக்கூடாதுடி” என்றாள் பெரியம்மா.

“ஆம்பளப் பிள்ள எவ்வளவு தூரம் வருதுன்னு பாக்கப் போறேன் பெரியம்மா.”

தகனசாலையில் சூளைக்குப் பொறுப்பாக இருந்தவன் அஜந்தன். அப்பாவோடு இரண்டு வருடம் ஒரே லொறியில் போனவன். பெட்டி உள்ளே போனதும் சுவரில் இருந்த பச்சைப் பொத்தானைக் காட்டினான். முன்பு கொள்ளி என்றால் நெருப்பு. இப்போது இதுதான்.

“மகன் வந்து அமத்தணும்” என்றான்.

எல்லோரும் ஜனார்த்தனனைப் பார்த்தார்கள். அவன் பொத்தானைப் பார்த்தான். பிறகு “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய் அம்பிட்டிய பாஸ்டருக்குப் போன் எடுத்தான்.

“பாஸ்டர், பொத்தான்தான்... இல்ல, கற்பூரம் ஒண்ணும் இல்ல. தேங்கா உடைக்கிறதெல்லாம் வீட்டுலயே முடிஞ்சிருச்சி... பச்சக் கலர் பாஸ்டர்... நெருப்பு உள்ள இருக்கு, என் கையில இல்ல...”

ஐந்து நிமிடம் போனது. அஜந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தனுஜாவைப் பார்த்தான்.

“அக்கா, பின்னால ஒரு பெட்டி நிக்கிது. கோவிச்சுக்காதீங்க.”

“கோவம் உன்மேல இல்ல” என்றாள் தனுஜா.

போய் அமத்தினாள். லிப்ட்டுக்கு அமத்துவது போலத்தான் இருந்தது. உள்ளே ஏதோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். ஒரு தரம் அமத்தினால் போதும் என்று அஜந்தன் மெதுவாகச் சொன்னான்.

ஜனார்த்தனன் ஓடிவந்தான். “அமத்தலாமாம். கும்புடாம அமத்தினா பிரச்சின இல்லையாம்.”

“முடிஞ்சிருச்சி.”

அவன் பொத்தானைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“வேற என்னா சொன்னாரு உங்க பாஸ்டர்?”

“நேத்தே ஏன் போய்ப் பாக்கல்லன்னு கேட்டாரு. போக வேணாம்னு யாரு சொன்னதுன்னு கேட்டாரு.”

“யாரு சொன்னது?”

அவன் வேதாகம உறையின் ஸிப்பைத் திறந்து மறுபடி மூடினான்.

பொழுது சாயும்போது வீட்டில் கூட்டம் குறைந்தது. அடுப்பு மூட்டவில்லை. ரபீகா அனுப்பிய சோறும் பருப்பும் மேசையில் இருந்தன. ஜனார்த்தனன் தண்ணீர் குடிக்கக் குசினிக்கு வந்து பிரிட்ஜைத் திறந்தான். போத்தலுக்குப் பக்கத்தில் லன்ச் ஷீட்டில் சுற்றிய ஒரு பார்சல்.

“இது என்னா?”

“உன்னோடது” என்றாள் தனுஜா. கழுவிய பிளாஸ்க்கையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்னோடதா?”

“முட்ட ரொட்டி. நேத்து அப்பா வாங்கி வெக்கச் சொன்னாரு. ஜனா வந்தா பசியோட வருவான், பஸ் ஸ்டாண்டுக் கடையில வாங்குன்னு. வாங்கிட்டியான்னு காலையில கேப்பாரு, அதான் வாங்கினேன்.”

“நான் வர ஏலாதுன்னு உன்கிட்டச் சொன்னேனே.”

“நான் அவருகிட்ட நீ வந்துக்கிட்டிருக்கன்னு சொன்னேன். கட்டுகஸ்தோட்டயில ட்ராபிக்ல மாட்டிக்கிட்டன்னு சொன்னேன். அம்பிட்டியவுல இருந்து வர்றவன் கட்டுகஸ்தோட்டைக்கு எதுக்குப் போனான்னு கேட்டாரு.” அவள் குழாயை மூடினாள். “மனுஷன் அப்பவும் தெளிவாத்தான் இருந்தாரு.”

அவன் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“நானும் பொய் சொன்னேன், நீயும் பொய் சொன்ன. நான் என்னோடத முந்நூறு பேருக்கு அனுப்பல்ல. பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லவும் இல்ல.”

“தனு...”

“உன் பேரத்தான் சொன்னாரு. ஏழு தரம். நான் எண்ணினேன். அதுல ஒண்ணயாவது நீ உனக்கு வெச்சிருக்கலாம்.”

“நான் உபவாசம்” என்றான் அவன்.

“தெரியும். அதையும் போட்டிருந்த.”

சூடாக்கித் தரவா என்று அவள் கேட்கவில்லை. பிளாஸ்க்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட்டானா, எப்போது படுத்தான் என்று பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ரபீகா இடியப்பத்தோடு வந்தாள்.

“நானாக்குச் சொகமில்லையா? இன்னக்கித் துளி வரல்லயே. நேத்துப் போட்டதையும் அழிச்சீக்கிறாரு.”

“எழுத ஒண்ணும் கெடைக்கல்ல போல” என்றாள் தனுஜா.

ரபீகா நீட்டிய போனைப் பார்த்தாள். துளி இருந்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்ற ஒரு வரி. அதற்குக் கீழே இருநூற்றுப் பதினான்கு ஆமென்கள் வரிசையாக நின்றன.

இடியப்பத் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஜனார்த்தனன் அப்பாவின் சாய்மனைக் கதிரையில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். சட்டைக்கை ஓரத்தில் எண்ணெய்க் கறை. அவனை எழுப்பாமல் அவள் லைட்டை அணைக்கப் போனாள்.

மீட்டர் பெட்டியின் மேல் இருந்த அடுக்கில், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு லன்ச் ஷீட் துடைத்து, நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.